இருக்கவே கூடாத நிலைகள்

2010களின் தொடக்கத்தில் பேஸ்புக் பயன்படுத்திய பலருக்கு இந்த எரிச்சல் நினைவிருக்கும். பக்கத்தின் மேலே, செய்திகளுக்கான சின்னத்தின்மீது சிவப்பில் 1 என்று காட்டும். யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று ஆவலோடு திறந்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. எல்லாம் ஏற்கெனவே படித்தவை. எண் மறைந்துவிடும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் 1. பொறியாளர்கள் அதைத் திருத்தினார்கள். சில காலம் ஒழுங்காக இருந்தது, பிறகு வேறொரு வழியில் அதே பிழை திரும்பி வந்தது. மறுபடி திருத்த, மறுபடி வந்தது. 2014 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பேஸ்புக்கின் எஃப்8 மாநாட்டில் அந்நிறுவனத்தின் பொறியாளர் ஜிங் சென் மேடையேறி, இந்தப் பிழையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு, தாங்கள் எப்படி அதிலிருந்து மீண்டோம் என்று விளக்கினார். பிளக்ஸ் என்ற பெயரில் அவர் அன்று முன்வைத்த ஒழுங்குமுறையிலிருந்துதான் இன்றைய வலைச்செயலிகள் பலவற்றின் உள்ளமைப்பு கிளைத்தது.

அத்தனை திறமைசாலிகள் இருந்த இடத்தில் ஓர் எண்ணைச் சரியாகக் காட்டுவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் தரவுக்குக் கொடுத்திருந்த வடிவமே பொய் சொல்ல இடம் கொடுத்தது. அந்த வடிவத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு வலைப்பக்கம் திறந்திருக்கும்போது அது நினைவில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து நிரலாளர்கள் ஸ்டேட் என்பார்கள். நாம் நிலை என்று வைத்துக்கொள்வோம். எந்த உரையாடல் திறந்திருக்கிறது, பெட்டியில் பாதி தட்டச்சு செய்த வாக்கியம் என்ன, சர்வரிடம் கேட்டதற்குப் பதில் வந்துவிட்டதா, எந்தெந்தச் செய்தி படிக்கப்பட்டது, இவையெல்லாம் நிலைதான். வலையின் முதல் பத்தாண்டில் இந்தச் சுமை பிரவுசருக்குப் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் சர்வர் முழுப் பக்கத்தையும் புதிதாக அனுப்பும், பழைய பக்கம் அழிந்துபோகும், கூடவே அதன் குழப்பங்களும் அழியும். 2004இல் ஜிமெயில் வந்ததற்குப் பிறகு, பக்கத்தை மாற்றாமலே உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும் பழக்கம் பரவியது. ஒரே பக்கம் காலை முதல் மாலைவரை திறந்தே கிடக்கத் தொடங்கியது. அதுவரை சர்வரில் இருந்த நிலை, பயனரின் பிரவுசருக்குள் குடிபெயர்ந்தது.

பேஸ்புக்கில் ஒரே செய்தி மூன்று இடங்களில் தலைகாட்டியது: மேலே எண்ணாக, கீழே சிறு உரையாடல் சன்னலாக, தனியே செய்திகளுக்கான முழுப் பக்கமாக. புதுச் செய்தி வந்தால் எண்ணைக் கூட்ட வேண்டும். சன்னல் திறந்திருந்தால் அதிலும் சேர்க்க வேண்டும். பயனர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும். இந்த வேலைகள் நிரலில் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. எங்கோ ஓரிடத்தில் ஒரு கூட்டலோ கழித்தலோ தவறினால் போதும், எண் ஒன்று சொல்லும், செய்திகள் வேறொன்று சொல்லும்.

இதைக் கணக்காகப் பார்ப்போம். பத்துச் செய்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் படித்ததாகவோ படிக்காததாகவோ இருக்கலாம். மொத்தம் 2ஐப் பத்து முறை பெருக்க வேண்டும், ஆக 1,024 நிலைகள். இப்போது படிக்காதவற்றின் எண்ணிக்கையைத் தனி மாறியாக வைக்கிறோம். அது 0 முதல் 10 வரை பதினொரு மதிப்புகளில் எதையும் ஏற்கும். இரண்டையும் சேர்த்தால் தரவால் குறிக்க முடிகிற நிலைகள் 11,264. ஆனால் படிக்காத செய்திகள் எவை என்று தெரிந்தால் எண்ணிக்கை ஒன்றுதான் இருக்க முடியும். எனவே உண்மையாக இருக்கக்கூடியவை அதே 1,024 மட்டுமே. மீதி 10,240 நிலைகளும் பொய். எல்லாம் படித்த பிறகும் 1 என்று காட்டிய அந்தச் சின்னம், இந்தப் பத்தாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அந்தப் பிழையை ஒருமுறை திருத்துவது என்றால் பொய்யான நிலைகளுக்குப் போகும் வழிகளில் ஒன்றை அடைப்பது மட்டுமே. நிலைகள் அங்கேயே இருக்கும். அடுத்த மாதம் யாராவது புது வசதி ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொரு வழி திறக்கும்.

எண்ணைத் தனியே வைக்காமல், வேண்டும்போது செய்திகளிலிருந்தே எண்ணிக்கொண்டால் அந்த 10,240ம் ஒரே அடியில் இல்லாமல் போகின்றன. பேஸ்புக் அளவுக்குப் போனால் எல்லாச் செய்திகளும் பிரவுசரில் இருக்காது, எண்ணிக்கையையும் சர்வர்தான் தர வேண்டியிருக்கும். அப்போதும் இரண்டையும் ஒரே சேமிப்பிடத்தில் வைத்து, அதை மாற்றும் உரிமையை ஒரே இடத்துக்கு மட்டும் கொடுக்கலாம். பிளக்ஸ் செய்தது இதுதான். நிகழ்வு ஒரு திசையில் பாயும், சேமிப்பிடம் மாறும், திரை அதைப் பார்த்துத் தன்னை வரைந்துகொள்ளும். திரைக்குச் சேமிப்பிடத்தை நேரடியாகத் தொட அனுமதியில்லை. 2015இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் இதை இன்னும் சுருக்கி ரெடக்ஸ் ஆக்கினார்கள். அதில் பழைய நிலையையும் நடந்த நிகழ்வையும் வாங்கிக்கொண்டு புதிய நிலையைத் திருப்பித் தருகிற ஒரு செயற்கூறுதான் எல்லாவற்றுக்கும் மையம்.

ஆனால் ஒரே இடத்தில் வைத்தால் மட்டும் பொய் நீங்கிவிடாது. ஒரே பெட்டிக்குள்ளும் முரண்பட்ட தரவு குந்திக்கொள்ளும். ஒரு பக்கம் சர்வரிடமிருந்து செய்திகளைக் கேட்டு வாங்குகிறது என்று வையுங்கள். அனுபவமில்லாதவர் மட்டுமல்ல, பல ஆண்டுகள் எழுதியவரும் இதை இப்படித்தான் தொடங்குவார்: ‘ஏற்றிக்கொண்டிருக்கிறதா’ என்று ஓர் ஆம்-இல்லை மாறி, ‘பிழை ஏற்பட்டதா’ என்று இன்னொன்று, ‘செய்திகள் வந்தனவா’ என்று மூன்றாவது. மூன்று ஆம்-இல்லைகள், எட்டுச் சேர்க்கைகள். நடப்பில் இருப்பவையோ நான்குதான். இன்னும் கேட்கவில்லை, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம், வந்துவிட்டது, தோற்றுவிட்டது. இந்தக் கணக்கில் மற்ற நான்குக்கும் பொருளே கிடையாது. ஏற்றிக்கொண்டும் இருக்கிறது, பிழையும் நேர்ந்துவிட்டது என்றால் பயனர் என்ன புரிந்துகொள்வார்? சிவப்பில் பிழைச்செய்தி, அதன் கீழே ஓயாமல் சுழலும் வட்டம்: இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மீண்டும் முயலும்போது முதல் மாறியை ஆம் என்று மாற்றியவர், இரண்டாவதை இல்லை என்று மாற்ற மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

மின்விசிறியின் ரெகுலேட்டரை எண்ணிப் பாருங்கள். குமிழ் 2இலும் 4இலும் ஒரே நேரத்தில் நிற்காது; நிற்கக்கூடாது என்று யாரும் காவல் காக்கவும் வேண்டாம், அதன் அமைப்பே அப்படி. அதற்குப் பதில் ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு சுவிட்சாக ஐந்து வைத்திருந்தால், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒன்றைப் போடும் முன் மற்ற நான்கையும் அணைத்தாக வேண்டும். மூன்று ஆம்-இல்லை மாறிகள் மூன்று சுவிட்சுகள். நமக்கு வேண்டியது நான்கு எண்கள் கொண்ட ஒரு குமிழ்.

நிரல்மொழிகளின் உலகில் அந்தக் குமிழ் புதிதல்ல. 1970களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னர் எம்எல் என்ற மொழியை உருவாக்கினார். கணிதத் தேற்றங்களை நிறுவ உதவும் ஒரு மென்பொருளுக்காகப் பிறந்த மொழி அது. அதே பல்கலைக்கழகத்தில் 1980இல் ராட் பர்ஸ்டலும் அவருடைய சகாக்களும் ஹோப் என்ற மொழியை வெளியிட்டார்கள். ‘இது அல்லது அது அல்லது அது’ என்று ஒரு வகையை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தரவை அதனுள்ளேயே வைக்கும் முறை அதில் தெளிவாக அமைந்தது. பல தரவுகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் சாத்தியங்கள் பெருகும், ‘அல்லது’ என்று சேர்த்தால் கூடும். அதனால்தான் முதலாவதைப் பெருக்கல் வகை என்றும் இரண்டாவதைக் கூட்டல் வகை என்றும் சொல்கிறார்கள். மேலே செய்த கணக்கில் 2 × 2 × 2 என்று எட்டுக்குப் போனதும், 1 + 1 + 1 + 1 என்று நான்கில் நிற்பதும் இந்த வேறுபாடுதான்.

இத்தனை எளிய கருவி பிரவுசருக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆனது. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய ஜாவாஸ்கிரிப்டில், எந்த மாறியில் எந்த வகைத் தரவு இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. பக்கத்தில் சிறு அசைவுகளைச் சேர்க்கப் பிறந்த மொழிக்கு அது தேவையாகவும் படவில்லை. 2012இல் இரண்டு முயற்சிகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவந்தன. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த எவன் சாப்ளிக்கி, தன் ஆய்வேட்டின் பகுதியாக எல்ம் என்ற மொழியை உருவாக்கினார். எடின்பரோ மரபை அப்படியே பிரவுசருக்குக் கொண்டுவந்த மொழி அது. ரெடக்ஸின் அமைப்பிலும் இதன் தாக்கம் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. அதன் பின்னால் இருந்தவர் டர்போ பாஸ்கலையும் சி ஷார்ப்பையும் தந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்டைத் தூக்கி எறியாமல், அதன்மேலேயே வகைகளைச் சேர்த்துக்கொள்ள விட்டதுதான் டைப்ஸ்கிரிப்டின் வெற்றிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் நாம் பேசும் குமிழ் அதில் முழுமை பெற்றது 2016 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பில்தான்.

அது வேலை செய்யும் விதம் இப்படி. நான்கு சாத்தியங்களையும் நான்கு வகைகளாக எழுதுகிறோம். ஒவ்வொன்றிலும் ‘கட்டம்’ என்ற ஒரு புலம் உண்டு. அதில் அந்தச் சாத்தியத்தின் பெயர் மட்டுமே இருக்கலாம். ‘வந்தது’ என்ற கட்டத்தில் மட்டும் செய்திகளின் பட்டியல் இருக்கும். ‘தோற்றது’ என்பதில் மட்டும் காரணம் இருக்கும். ‘காத்திருக்கிறது’ என்பதில் இரண்டுமே இல்லை. நிரல் முதலில் கட்டம் எது என்று கேட்க வேண்டும். ‘வந்தது’ என்று உறுதியான கிளைக்குள் நுழைந்த பிறகே செய்திகளைத் தொட முடியும். காத்திருக்கும் கிளையில் நின்றுகொண்டு பட்டியலை எடுக்கப் பார்த்தால், நிரல் பிரவுசருக்குப் போகும் முன்பே, எழுதிக்கொண்டிருக்கும் எடிட்டரிலேயே சிவப்புக் கோடு விழும். பயனர் கண்ணில் படவேண்டிய பிழை நிரலாளர் கண்ணில் படுகிறது.

அதே பதிப்பில் இன்னொரு பழைய நோய்க்கும் மருந்து வந்தது. ‘ஒன்றுமில்லை’ என்பதைக் குறிக்கும் நல் என்ற மதிப்பை 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகச் சேர்த்தவர் டோனி ஹோர். அமலாக்குவது எளிது என்பதால் சேர்த்தார். 2009இல் லண்டனில் பேசியபோது அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே வர்ணித்தார். எந்த மாறியும் எந்த நேரத்திலும் வெறுமையாக இருக்கலாம் என்றால், ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அந்த வெறுமை நல், அன்டிஃபைன்டு என்று இரண்டு உருவங்களில் உலவுகிறது. 2.0 முதல், கண்டிப்பான சோதனையை இயக்கிவிட்டால், ‘இது வெறுமையாக இருக்கலாம்’ என்று வெளிப்படையாக எழுதிய இடத்தில் மட்டுமே வெறுமை அனுமதிக்கப்படும்.

நெவர் என்று இன்னொரு வகையும் உண்டு. அதற்குள் எந்த மதிப்பும் அடங்காது. உறுப்புகளே இல்லாத கணம். பார்த்தால் பயனற்றது போலத் தோன்றும் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான்கு கட்டங்களையும் கையாண்ட பிறகு எஞ்சுவது எதுவும் இல்லை, அதாவது எஞ்சுவதன் வகை நெவர். ‘இங்கே மிச்சம் இருப்பது நெவர்தான்’ என்று நிரலின் கடைசியில் ஒரு வரி எழுதி வைத்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஐந்தாவது கட்டம் ஒன்றைச் சேர்க்கிறார்: பழைய செய்திகள் கையில் இருக்கின்றன, புதியவை வந்துகொண்டிருக்கின்றன. உடனே அந்தக் கடைசி வரி பொய்யாகிவிடும், நிரலைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கம்பைலர் நிறுத்திவிடும். இப்படிக் காவல் வரி வைத்த இடம் நிரல் முழுவதும் நாற்பது இருந்தால், நாற்பதையும் பட்டியலிட்டுக் காட்டும். தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படி நான்குக்கு மேல் புதிய கட்டங்கள் முளைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கு கட்டங்கள் என்று புத்தகங்களில் அழகாக எழுதுவார்கள். உண்மையான பயனர் அதற்குள் அடங்கமாட்டார். ரயிலில் போகும்போது சமிக்ஞை போய்விடுகிறது. நேற்றைய செய்திகள் திரையில் இருக்கின்றன, புதியவற்றைக் கேட்டது தோற்றுவிட்டது. இது ‘வந்தது’ என்பதா, ‘தோற்றது’ என்பதா? ‘தோற்றது’ என்று வைத்தால் நேற்றைய செய்திகளையும் மறைத்துவிடுவோம். பயனருக்கு அது அநியாயம். ‘பழையது கையில், புதுப்பிக்க முடியவில்லை’ என்ற தனிக் கட்டம்தான் சரி. அதைக் கண்டுபிடிப்பது கம்பைலரின் வேலை இல்லை. ஆனால் நிலைகளுக்குப் பெயர் வைக்க உட்காரும்போது இந்தக் கேள்வி தானாக எழுகிறது. மூன்று ஆம்-இல்லை மாறிகளை வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கு அது எழுந்தே இருக்காது. ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தில் எம்எல் குடும்ப மொழியான ஓகேமலில் பணிபுரிந்த யாரன் மின்ஸ்கி, தகாத நிலைகளை எழுதவே முடியாதபடி செய்யுங்கள் என்ற அறிவுரையைப் பரவலாக்கினார். தகாதவை எவை என்று தீர்மானிக்க நாம் உட்கார்ந்து யோசிக்கும் அந்த அரைமணி நேரம்தான் அதன் முதல் பயன் என்பது என் எண்ணம்.

தாமதமாக வரும் பதிலையும் இதே வழியில் அடக்கலாம். பயனர் ஓர் உரையாடலைத் திறக்கிறார், மனம் மாறி உடனே இன்னொன்றைத் திறக்கிறார். இரண்டு கேள்விகளும் சர்வருக்குப் போய்விட்டன. வலைத்தொடர்பில் முதலில் கேட்டதற்கு முதலில் பதில் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. இரண்டாவதன் பதில் முதலில் வந்து, முதலாவதன் பதில் அதன்மேல் வந்து விழுந்தால், ஒருவருடைய பெயரின் கீழே இன்னொருவருடைய செய்திகள். இது எரிச்சலோடு நிற்காது. அந்தரங்கச் செய்தி தவறான ஆளுக்குப் போகவும் கூடும். ‘காத்திருக்கிறது’ என்ற கட்டத்துக்குள்ளேயே ‘எந்த உரையாடலுக்காக’ என்பதையும் வைத்துவிட்டால், பதில் வரும்போது ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாததை ஒதுக்கிவிடலாம்.

இவ்வளவு பாதுகாப்புக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டைப்ஸ்கிரிப்டின் வகைகள் நிரல் ஓடும்போது இருப்பதில்லை. சோதனை முடிந்ததும் அவை முழுக்க அழிக்கப்பட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்டே பிரவுசருக்குப் போகிறது. சர்வரிலிருந்து ஜேசன் என்ற எழுத்துவடிவில் தரவு வரும்போது, ‘இது செய்திகளின் பட்டியல்’ என்று நிரலாளர் எழுதி வைத்தால் கம்பைலர் அதை நம்பிவிடும். வந்தது உண்மையில் அதுதானா என்று பார்க்க யாருமில்லை. சர்வர் குழுவினர் ஒரு புலத்தின் பெயரை மாற்றிவிட்டால், வகைகள் அனைத்தும் சரியென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கம் உடையும். எல்ம் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காது. அப்படி வரும் ஜேசன் தரவைப் பிரித்துச் சோதிக்கும் பகுதியை எழுதாமல் அதை உபயோகிக்கவே முடியாது. சோதனை தோற்றால் என்ன செய்வது என்பதையும் எழுதியாக வேண்டும். எழுதும்போது சலிப்பாக இருக்கும். ஆனாலும் எல்ம் சொல்வதே சரி. டைப்ஸ்கிரிப்டில் வேலை செய்பவர்கள் தரவைச் சோதிக்கும் ஸாட் போன்ற நிரல் நூலகங்களை எல்லையில் நிறுத்தி அதே காவலைத் தாங்களாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எனி என்ற வகையைப் போட்டுச் சோதனையையே அணைத்துவிடும் பழக்கம் இன்னும் மோசம். ஒரு மூலையில் போட்ட எனி, தொடும் மாறிகள் எல்லாவற்றின் சோதனையையும் சத்தமில்லாமல் அணைத்துக்கொண்டே போகும்.

வகைகளால் எவ்வளவு பிழைகள் பிடிபடும்? 2017இல் ஐசிஎஸ்இ என்ற மென்பொருள் பொறியியல் மாநாட்டில் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாக அளந்தது. பொதுவெளியில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில், ஏற்கெனவே கண்டறிந்து திருத்தப்பட்ட 400 பிழைகளை எடுத்து, அந்தப் பழைய நிரலுக்கு வகைகளைச் சேர்த்திருந்தால் பிழை முன்பே தெரிந்திருக்குமா என்று பார்த்தார்கள். விடை சுமார் 15 சதவீதம். குறைவு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அந்த ஆய்வு எடுத்துக்கொண்டவை சோதனைகளையெல்லாம் தாண்டி வெளியே வந்துவிட்ட பிழைகள். எழுதும்போதே பிடிபட்டு மறைபவை கணக்கில் இல்லை. மேலும், ஏற்கெனவே இருக்கும் நிரலின்மீது வகைகளை ஒட்டுவது வேறு, நிலைகளை முதலிலேயே கூட்டல் வகையாக வடிவமைப்பது வேறு. மூன்று ஆம்-இல்லை மாறிகளுக்கு ‘பூலியன்’ என்று முத்திரை குத்தினால் எட்டும் எட்டாகவே இருக்கும்.

எந்தெந்த நிலைகள் இருக்கலாம் என்று வகைகள் சொல்லிவிடுகின்றன. எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பது இன்னொரு கேள்வி. 1980களின் தொடக்கத்தில் டேவிட் ஹரேல், இஸ்ரேலின் லாவி போர்விமானத்துக்கான மின்னணுக் கருவிகளை வடிவமைத்த குழுவுக்கு ஆலோசகராகப் போனார். விமானத்தின் நடத்தையை விவரிக்கும் ஆவணம் தடித்த தடித்த தொகுதிகளாக இருந்தது. இந்தச் சூழலில் இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் நேரான விடை கிடைக்கவில்லை. அதற்காக அவர் உருவாக்கிய வரைபட முறையை 1987இல் ஸ்டேட்சார்ட் என்ற பெயரில் வெளியிட்டார். போர்விமானத்துக்காகப் பிறந்த அந்த முறையை இன்று எக்ஸ்ஸ்டேட் போன்ற நூலகங்கள் வழியாக வலைப்பக்கங்களில் பயன்படுத்துகிறார்கள்.

நூலகம் இல்லாமலும் அதன் பயனைக் காகிதத்திலேயே பெறலாம். நம் முதல் நான்கு கட்டங்களை வரிசைகளாகவும், உரையாடலைத் திறந்தார், பதில் வந்தது, பிழை வந்தது, மீண்டும் முயன்றார், உரையாடலை மூடினார் என்ற ஐந்து நிகழ்வுகளைப் பத்திகளாகவும் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். இருபது அறைகள் கொண்ட அட்டவணை. ஏழெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடலாம். மற்றவை வெறுமையாக நிற்கும். உதாரணமாக, ‘இன்னும் கேட்கவில்லை’ என்ற வரிசையும் ‘பதில் வந்தது’ என்ற பத்தியும் சந்திக்கும் இடம். கேட்காததற்கு எப்படிப் பதில் வரும் என்று தோன்றும். ஆனால் இப்படி நடக்கலாம்: பயனர் உரையாடலைத் திறந்தார், பொறுமையிழந்து மூடினார், நிலை தொடக்கத்துக்குத் திரும்பியது, அதற்குப் பிறகு பதில் வந்து நிற்கிறது. அதைத் தூக்கி எறியலாம். அல்லது அவர் மறுபடி திறந்தால் உடனே காட்ட எடுத்து வைக்கலாம். எடுத்து வைப்பதென்றால் அதற்கு இந்த நான்கில் இடமில்லை, ஐந்தாவது ஒன்றுக்குப் பெயர் தேட வேண்டும்.